பாறைமேல் எழுந்த செங்கற்கோயில்

கண்டி மாநகரைக் காண உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். தலதா மாளிகையைத் தரிசிக்கின்றனர். வாவிக் கரையில் உலாவுகின்றனர். பெரஹராவைக் கண்டு வியக்கின்றனர். இந்நகரிலேயே பிறந்து வளர்ந்த நாமோ, நம் வாசலுக்கு மிக அண்மையில் உள்ள அரும்பெருஞ் செல்வங்கள் பலவற்றைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. தொலைவிலுள்ள தஞ்சையையும் மதுரையையும் பற்றிப் பேச நமக்குப் பெருவிருப்பம் உண்டு. பத்து மைல் தொலைவில் உள்ளதைப் பற்றிக் கேட்டால் வாய் மூடி நிற்கிறோம்.

மஹய்யாவவிலிருந்து நகருக்கு இறங்கி, கொழும்பு வீதியில் பேராதனையைக் கடந்து பிலிமத்தலாவையை அடைந்து, அங்கே இடப்புறமாகத் தவுலகலைக்குப் பிரியும் பாதையில் திரும்பினால், முதலில் எதிர்ப்படுவது கடலாதெனிய விகாரை. அதைத் தாண்டி இன்னுஞ் சிறிது தூரம் சென்றால், உடுநுவரப் பகுதியின் வயல்களுக்கு மேலே பெரும் பாறையொன்று எழுந்து நிற்கும். அப்பாறையின் பெயர் பன்ஹல்கல. அதன் உச்சியிலே வெண்சுதை பூசிய உயர்ந்த சுவர்களும் அடுக்கடுக்கான ஓட்டுக் கூரையுமாக விளங்குவதுதான் லங்காதிலக விகாரை. செங்கல்லாலே கட்டப்பட்டு, இற்றைக்கு ஏறத்தாழ 680 ஆண்டுகளாக வழிபாடு நடைபெறும் பௌத்த ஆலயம் அது.

இந்து இளைஞர் மலரிலே பௌத்த விகாரையைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். காரணம் உண்டு. அந்த விகாரைப் பாறையிலே தமிழ்ச் சாசனம் ஒன்று வெட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டடத்தை வகுத்த சிற்பி தென்னிந்தியர். அதன் சுற்றிலே விஷ்ணுவும் விநாயகரும் முருகனும் எழுந்தருளியிருக்கின்றனர். இவற்றை அறியாதவர் "அது அவர்களுடையது, நமக்கென்ன" என்று ஒதுங்கிவிடுகின்றனர். அரைகுறையாக அறிந்தவரோ "அது நாம் கட்டியது" என்று மார்தட்டுகின்றனர். இவ்விரண்டு பேச்சுக்கும் அந்தப் பாறை இடந்தருவதாயில்லை. அது சொல்வதை அமைதியாகக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கட்டடம் எழுந்த காலம்

பொலநறுவை இராசதானி 1215ஆம் ஆண்டில் மாகன் படையெடுப்பால் நிலைகுலைந்தது. அதன்பின் சிங்கள அரசர்களின் தலைநகரம் ஓரிடத்தில் நிலைத்திருக்கவில்லை. தம்பதெனிய, யாப்பகூவ, குருநாகல் என்று இடம் பெயர்ந்து சென்ற ஆட்சி, பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மகாவலி கங்கைக் கரையிலுள்ள கம்பளைக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து ஆட்சி செலுத்திய முதல் அரசன் நான்காம் புவனேகபாகு. அவனுடைய முதன்மை அமைச்சராக விளங்கியவர் சேனாலங்காதிகாரர். மன்னன் ஆதரவளிக்க அமைச்சர் முன்னின்று 1344ஆம் ஆண்டில் லங்காதிலக விகாரையை எழுப்பினார். இதே ஆண்டில்தான் அயலிலுள்ள கடலாதெனிய விகாரையும் எழுந்தது. தலைநகரம் நிலைகொள்ளாது அலைந்த காலத்தில், ஒரே ஆண்டில் இரண்டு பெருங் கோயில்களை எழுப்பிய அந்த மனவுறுதியை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அந்த ஆண்டின் வேறு சில செய்திகளையும் சேர்த்துப் பார்ப்போம். மொரோக்கோ நாட்டு யாத்திரிகரான இபன் பதூதா இலங்கைக்கு வந்ததும் 1344இல்தான். புத்தளத்திலே ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, சிவனொளிபாத மலைக்கு வழித்துணையும் கொடுத்து அனுப்பினார். யாழ்ப்பாணத்து வேந்தர் புத்தளக் கரை வரை கைநீட்டியிருந்த காலம் அது. தென்முனையிலுள்ள தெவிநுவரக் கோயிலிலே பிராமணர்களும் யோகிகளும் ஆயிரவர் அளவில் இருந்தனர் என்று இபன் பதூதா எழுதி வைத்திருக்கிறார்.

கடலுக்கு அப்பால் தமிழகத்தின் நிலை வேறாக இருந்தது. 1311இல் மாலிக் கபூரின் படை மதுரை வரை சென்றது. பாண்டியப் பேரரசு சிதைந்தது. 1335 தொடக்கம் மதுரையில் சுல்தான்களின் ஆட்சி நடந்தது. 1336இல் தோன்றிய விஜயநகரம் இன்னும் தெற்கே வந்து சேரவில்லை. பெருங்கோயில் எழுப்பும் வேந்தர் ஆதரவு பாண்டி நாட்டிலே அற்றுப்போயிருந்த அந்நாளில், கல்லுளி பிடித்த கைகளும் மட்டப்பலகை பிடித்த கைகளும் வேலை தேடிக் கடல் கடந்து வந்திருக்கும் என்று கருதுவது பொருந்தும். கடலாதெனியவைக் கட்டிய தலைமைச் சிற்பியின் பெயர் கணேசுவராசாரி. லங்காதிலகவை வகுத்தவர் ஸ்தபதி இராயர். இருவரும் தென்னிந்தியர்.

ஒரே நாட்டிலிருந்து வந்த இரு சிற்பிகள், ஒரே ஆண்டில், சில கல் இடைவெளியில் எழுப்பிய இரு ஆலயங்களும் ஒன்றுபோல் இருக்கவில்லை என்பதே வியப்பு. கடலாதெனிய கருங்கல்லால் ஆனது. அதன் தூண்களும் விளிம்புகளும் தென்னாட்டுக் கோயிலொன்றுக்குள் நுழைந்துவிட்டோமோ என்று எண்ணச் செய்யும். வாயிலருகே ஆடுவோரும் மத்தளம் முழக்குவோரும் கல்லிலே நிற்கின்றனர். லங்காதிலகவோ செங்கல்லால் ஆனது. அது பொலநறுவைப் பெருங்கட்டடங்களின் வழியைத் தழுவியது. ஸ்தபதி இராயர் தம் நாட்டு முறையை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து நட்டுவிடவில்லை. வந்த நாட்டின் மரபைக் கற்று, அதனோடு தம் மரபைக் கலந்து, புதியதொன்றைச் செய்தார்.

கட்டடத்தின் அமைப்பு

பாறையிலே வெட்டிய படிகளில் ஏறி மேலே சென்றால் முதலில் நம்மைக் கவர்வது கட்டடத்தின் கனம். மேலே பல மாடிகளைத் தாங்க வேண்டிய சுவர்கள் ஆதலால், செங்கல்லைச் சாந்தில் பதித்து மிகத் தடிப்பாக எழுப்பியிருக்கின்றனர். பாறையே கடைக்காலாக அமைந்ததனால் நிலம் இறங்கிக் கட்டடம் சரியும் அச்சம் சிற்பிக்கு இருக்கவில்லை. ஆதியிலே இது நான்கு மாடிகளும் எண்பது அடி உயரமும் கொண்டிருந்தது என்பர். காலப்போக்கில் மேல்மாடிகள் இடிந்து வீழ்ந்தன. எஞ்சிய பகுதியைக் காப்பதற்காகக் கண்டி நாட்டு முறையிலே ஓட்டுக் கூரை வேயப்பட்டது. இன்று நாம் காணும் தோற்றம், 1344ஆம் ஆண்டின் செங்கற் சுவரும் பிற்காலக் கூரையும் இணைந்த தோற்றமே.

கிழக்கு வாயிலால் உள்ளே புகுந்தால் நேர் எதிரே மகர தோரணத்தின் கீழ்ப் புத்தர்பிரான் தியான நிலையில் அமர்ந்திருக்கக் காணலாம். சுவர்களிலும் விதானத்திலும் கண்டிக் காலத்து ஓவியங்கள் நிறைந்துள்ளன. சிவப்பும் மஞ்சளும் மேலோங்கிய அந்த வண்ணங்களைக் கதவு வழியே புகும் வெளிச்சத்தில் சற்றுப் பொறுத்து நின்று பார்த்தாற்றான் கண்ணுக்குப் புலனாகும். ஓடி ஓடிப் பார்ப்பவருக்கு அங்கே இருட்டுத்தான் தெரியும்.

இனி மேற்குப் புறமாக வருவோம். அங்கே வேறொரு வாயில் இருக்கிறது. அது தேவாலயத்துக்குரியது. நடுக் கருவறையின் சுவருக்கும் வெளிச் சுவருக்கும் இடையே ஒரு சுற்று அமைந்திருக்கிறது. அச்சுற்றின் மாடங்களிலே தேவர்கள் எழுந்தருளியிருக்கின்றனர். உபுல்வன், சமன், விபீஷணன், கணபதி, கந்தகுமாரர் ஆகியோர் அவர்கள். உபுல்வன் என்பாரை விஷ்ணுவாகவே மக்கள் வணங்குகின்றனர். சமன் சிவனொளிபாத மலையின் காவல் தெய்வம். இராமகாதையில் நாம் அறிந்த விபீஷணன், சிங்கள மக்களுக்குக் களனிப் பகுதியைக் காக்கும் தெய்வம். கணபதியையும் கந்தனையும் பற்றி நம் அன்பர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

நடுவே புத்தர்; சுற்றிலே தேவர்கள். இந்த ஒழுங்கைக் கண்டவுடன் நமக்குப் பழக்கமான ஒன்று நினைவுக்கு வரும். நம் சிவன் கோயில்களிலே கருவறைக்குள் இலிங்கமும், கருவறையின் புறச்சுவர்களிலுள்ள தேவகோட்டங்களில் விநாயகர், தட்சிணாமூர்த்தி, துர்க்கை முதலியோரும் அமைந்திருப்பர். வலம் வருபவன் ஒவ்வொருவரையும் வணங்கிச் செல்வான். லங்காதிலகவிலும் அவ்விதமே நடுவிலே தலைமைத் தெய்வம், சுற்றிலே காவல் தெய்வங்கள். அங்கே தேவர்கள் புத்தருக்குப் போட்டியாக வைக்கப்படவில்லை. புத்தருடைய நெறியையும் நாட்டையும் காப்பவர்களாக வைக்கப்பட்டிருக்கின்றனர். தேவர்களை வணங்கிப் பழகிய ஸ்தபதிக்கும், தேவர்களைக் காவலராகக் கொண்ட பௌத்த மன்னனுக்கும் இந்த ஒழுங்கு ஒருங்கே ஏற்புடையதாயிற்று. ஒருவர் சமயத்தை மற்றவர் விழுங்காமல் ஒரே கூரையின் கீழ் இடம் வகுத்துக்கொள்ள முடியும் என்பதைப் பேச்சால் அன்றிச் சுவராலேயே காட்டிவிட்டார் சிற்பி.

செங்கல்லின் கதை

செங்கல் எளிய பொருள் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். கோயில் என்றால் கருங்கல் என்பதே நம் நினைப்பு. ஆனால் தமிழகத்திலும் பழங்கோயில்கள் செங்கல்லாலும் மரத்தாலுமே எழுந்தன. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குகைக் கோயில் குடைந்தபோது, செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணச்சாந்தும் இன்றி அதனைச் செய்வித்ததாகப் பெருமையோடு கல்வெட்டிலே குறித்தான். அப்படியானால் அவனுக்கு முந்திய வழக்கம் இவை கொண்டு கட்டுவதே என்பது தெளிவு. 2004ஆம் ஆண்டின் கடற்கோளுக்குப் பின் மாமல்லபுரத்துக்கு அருகே சாளுவன்குப்பத்தில் அகழ்ந்து கண்ட முருகன் கோயிலின் அடியிலே பழமையான செங்கற் கட்டுமானம் வெளிப்பட்டது. இன்றும் நம் இராசகோபுரங்களைப் பாருங்கள். கீழ்ப்பகுதி கருங்கல், மேல்நிலைகள் செங்கல்லும் சுதையும். உயரே செல்லச் செல்லக் கனம் குறைய வேண்டும் என்பதை நம் ஸ்தபதிகள் அறிந்திருந்தனர். ஆகவே ஸ்தபதி இராயருக்குச் செங்கல் புதியதன்று.

இலங்கையிலோ செங்கல் வேலை மிக உயர்ந்த நிலையை அடைந்திருந்தது. அநுராதபுரத்துப் பெருந்தாதுகோபங்கள் செங்கல் மலைகள். பொலநறுவையிலே பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு கட்டிய ஆலயத்துக்கும் லங்காதிலக என்பதே பெயர். அதன் சுவர்கள் இன்றும் ஏறத்தாழ 55 அடி உயரத்துக்கு எழுந்து நிற்க, நடுவே தலை இழந்த மாபெரும் புத்தர் திருவுருவம் நிற்கிறது. அந்தப் பெயரையே கம்பளைக் காலத்தவர் மலைநாட்டுப் பாறைக்குக் கொண்டு வந்தனர். இழந்த தலைநகரின் நினைவைப் புதிய மண்ணிலே ஊன்றும் முயற்சியாக அதனைக் கொள்ளலாம்.

இந்துமாக்கடலுக்கு அப்பாலும் பார்வையைச் செலுத்துவோம். பர்மா நாட்டுப் பகான் நகரிலே ஈராயிரத்துக்கு மேற்பட்ட பழங் கட்டடங்கள் உள்ளன; பெரும்பாலானவை செங்கல்லால் ஆனவை; பௌத்த ஆலயங்கள். அவற்றின் நடுவே விஷ்ணுவுக்கும் ஒரு செங்கற்கோயில் உண்டு. அந்நகரத்து நானாதேசி விண்ணகரத்துக்கு மலைமண்டல வணிகர் ஒருவர் மண்டபம் கட்டிக்கொடுத்ததைப் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று கூறுகிறது. உடுநுவரப் பாறையில் கண்ட கலப்பு, அக்காலத்துக் கடல்வழி உலகெங்கும் இயல்பாக இருந்தது என்பதற்கு இஃது ஒரு சான்று.

செங்கல்லுக்குப் பகை இரண்டு. ஒன்று மழைநீர், மற்றொன்று மரவேர். பூச்சு வெடித்த இடத்தில் நீர் இறங்கினால் சாந்து கரைந்து கல் கழலும். பறவை இட்ட எச்சத்தில் முளைத்த ஆலங்கன்றையோ அரசங்கன்றையோ ஓராண்டு பிடுங்காமல் விட்டால், அதன் வேர் சுவரைப் பிளந்துவிடும். கருங்கற் கோயில் நூறாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்தாலும் ஒருவாறு நிற்கும். செங்கற் கோயிலுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதற்கு ஆண்டுதோறும் பூச்சு வேண்டும், கூரை வேண்டும், செடி பிடுங்கும் கை வேண்டும். ஆகவே ஒரு செங்கற் கோயில் மழை மிகுந்த மலைநாட்டிலே 680 ஆண்டுகள் நிலைத்திருக்கிறது என்றால், அதைக் கட்டியவரின் திறமை பாதிக் காரணம். பராமரித்தவரின் விசுவாசம் மறுபாதி. விகாரை எழுந்தபோதே அதற்கு நிலங்களும் வழங்கப்பட்டன. அந்நிலங்களை உழுதுண்ட குடிகள் விகாரைக்குச் சேவை செய்யும் கடப்பாடு உடையவர்கள். மேளம் முழக்குவோர், கூரை வேய்வோர், பூச்சுப் பூசுவோர், விளக்கேற்றுவோர் என்று தலைமுறை தலைமுறையாக உழைத்த அக்குடிகளின் கையே அந்தச் சுவரைத் தாங்கியது.

நாகப்பட்டினம் தரும் பாடம்

கவனிப்பாரற்றுப் போன செங்கற் கோயிலின் கதி என்ன என்பதை அறிய நாம் தமிழகத்துக்கே செல்ல வேண்டும். நாகப்பட்டினத்திலே சூடாமணி விகாரை என்ற பெரும் பௌத்தப் பள்ளி இருந்தது. கடார நாட்டு அரசன் சூளாமணிவர்மன் அதனைக் கட்டத் தொடங்கினான். அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் நிறைவேற்றினான். சிவபாதசேகரன் என்று பெயர் பூண்ட முதலாம் இராசராச சோழன், தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய அதே கையால், இந்தப் பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைத் தானமாக அளித்தான். அந்தத் தானத்தைக் கூறும் செப்பேடுகள் ஹாலந்து நாட்டு லெய்டன் நகருக்குக் கொண்டுபோகப்பட்டதனால் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன.

பௌத்தர் தமிழகத்தில் அருகிய பின் அவ்விடம் வெறிச்சோடியது. எஞ்சி நின்றது மூன்று நிலைச் செங்கற் கோபுரம் ஒன்று. மக்கள் அதனைப் புதுவெளிக் கோபுரம் என்று அழைத்தனர். கடலோடிகள் அதைக் கண்டு கரையை அடையாளம் கொண்டனர். 1846இல் சர் வால்டர் எலியட் என்பவர் அதைப் பார்வையிட்டபோது கூரை இழந்து மொட்டையாக நின்றது. 1867இல், அவ்விடத்தைப் பெற்றிருந்த இயேசு சபைத் துறவிகள் அரசாங்கத்தின் அனுமதியோடு அதனை இடித்துத் தள்ளினர். ஒரு பேரரசன் தானம் கொடுத்த கட்டடம் தரைமட்டமாயிற்று. பின்னாளிலே மண்ணுக்குள் இருந்து கிடைத்த நூற்றுக்கணக்கான புத்தர் செப்புத் திருமேனிகளும் அந்தச் செப்பேடுகளும் இல்லாதிருந்தால், அங்கே அப்படி ஒன்று இருந்தது என்பதையே நாம் நம்பமாட்டோம்.

இடித்தவர்கள்மேல் மட்டும் பழி சொல்வதற்கில்லை. அது தன்னுடையது என்று சொல்ல அந்த ஊரில் ஒருவரும் எஞ்சியிருக்கவில்லை என்பதே உண்மையான இழப்பு. சைவனான இராசராசன் அதைத் தன் கடமை என்று எண்ணினான். அவனுக்குப் பின்வந்த தலைமுறைகள் "அது நம்முடையதன்று" என்று எண்ணின. செங்கல் அந்தச் சொல்லைத் தாங்காது.

பாறையில் உள்ள தமிழ்

இனி லங்காதிலகவின் தமிழ்ச் சாசனத்துக்கு வருவோம். விகாரைப் பாறையிலே சிங்களச் சாசனமும் தமிழ்ச் சாசனமும் பொறிக்கப்பட்டுள்ளன. சக ஆண்டு 1266 என்று காலம் குறிக்கப்பட்டுள்ளது. சக ஆண்டோடு 78 கூட்டினால் கிறிஸ்து ஆண்டு வரும் என்பதை நம் மாணவர் அறிவர். கூட்டிப் பாருங்கள், 1344 வரும். விகாரை எழுந்ததையும் அதற்கு அளித்த கொடைகளையும் காப்பதற்காக இரு மொழியிலும் எழுதி வைத்தனர். கம்பளை அரசு தன் ஆலயமொன்றின் உரிமைகளைத் தமிழிலும் வெட்டுவித்தது என்றால், தமிழ் படிப்பவர்களும் அதைக் கேட்டு நடக்க வேண்டியவர்களாக இந்த மலைநாட்டுச் சூழலில் இருந்தனர் என்பதே பொருள்.

இது தனித்து நிற்கும் செய்தியுமன்று. நாம் நாள்தோறும் கடந்து செல்லும் தலதா மாளிகையின் வரலாற்றிலேயே இத்தகைய ஓர் ஏடு உண்டு. புனித தந்தம் பொலநறுவையில் இருந்த காலத்தில், பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, வேளைக்காரப் படையினர் தந்த தாதுக் கோயிலைக் காப்பதாகச் சத்தியம் செய்து தமிழிலே கல்வெட்டு நிறுவினர். அது பொலநறுவையில் இன்றும் இருக்கிறது. திருகோணமலைக்கு அருகே பெரியகுளத்தில் வெல்கம் விகாரை இருக்கிறது. சோழர் காலத்திலே அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். அங்கே தமிழ்ப் பௌத்தர்கள் அளித்த கொடைகள் தமிழிலே வெட்டப்பட்டுள்ளன. 1911இல் காலியிலே கண்டெடுக்கப்பட்ட சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கல்லில், சீன மொழியும் பாரசீகமும் தமிழும் ஒருங்கே உள்ளன. 1409ஆம் ஆண்டுக்குரிய அக்கல்லில் சீனப்பகுதி புத்தருக்கும், பாரசீகப்பகுதி இஸ்லாமிய மரபுக்கும், தமிழ்ப்பகுதி தென்னாவரை நாயனாருக்கும் காணிக்கை செலுத்துகின்றன.

இவற்றை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படும். இத்தீவின் வரலாற்றிலே தமிழ் ஒரு விருந்தாளியாக மட்டும் வந்து போகவில்லை. அதேவேளை, தமிழ் எழுத்து இருக்கும் இடமெல்லாம் தமிழருக்கு மட்டும் உரிய இடமும் அன்று. லங்காதிலகவைச் செய்வித்தவர் சிங்கள அமைச்சர். ஆதரித்தவன் சிங்கள மன்னன். வகுத்தவர் தென்னாட்டு ஸ்தபதி. செங்கல் சுட்டும் மண் சுமந்தும் உழைத்தவர்கள் இந்நாட்டுக் குடிகள். காத்து வந்தவர்கள் உடுநுவர மக்கள். இவர்களில் ஒருவரை நீக்கினாலும் அந்தக் கட்டடம் இல்லை.

நமக்குரிய சிந்தனை

மலைநாட்டுத் தமிழராகிய நம்மிற் பெரும்பாலோர் ஸ்தபதி இராயரின் வழித்தோன்றல்கள் அல்லர். நம் முன்னோர் வந்தது அவருக்குப் பல நூற்றாண்டுகளின் பின். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும், வீதி அமைக்கவும், இருப்புப்பாதை போடவும், நகரத்தைத் துப்புரவாக்கவும் வந்தவர்களின் மக்கள் நாம். நாகப்பட்டினத்துக் கோபுரம் வீழ்ந்த அதே 1867இல்தான் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது. அந்தப் பாதைக்காகக் காடு வெட்டி மலை குடைந்தவர்களில் நம்மவர் எத்தனை பேர்! அவர்களுள் ஒருவர் பெயராவது எந்தப் பாறையிலாவது வெட்டப்பட்டிருக்கிறதா?

எழுதி வைக்காததன் விளைவை நாம் அனுபவித்தோம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், முன்னோர் இங்கே பிறந்ததற்குச் சான்று காட்டு என்று கேட்டது. உழைத்து உழைத்துத் தேய்ந்த கைகளைத் தவிர வேறு பத்திரம் நம்மவரிடம் இருக்கவில்லை. இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் குடும்பங்கள் பிரிந்தன. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே எஞ்சியிருந்தோருக்கு வழி பிறந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! முதியோர் பலர் அந்த நாளைக் காணாமலே கண்மூடினர்.

ஆகவே இளைஞர் அன்பர்களே, பன்ஹல்கலப் பாறை நமக்கு இரண்டு பாடங்களைச் சொல்கிறது. ஒன்று, செய்ததை எழுதி வை. மற்றொன்று, கிடைத்ததை நாள்தோறும் பேணு. ஸ்தபதி இராயரின் மாடிகளில் மேலிருந்தவை வீழ்ந்துவிட்டன. ஆனால் எழுத்து இருப்பதனால் அவர் பெயர் இருக்கிறது. பேணுவார் இருந்தமையால் சுவர் இருக்கிறது. இவ்விரண்டும் பணம் படைத்தோர் மட்டும் செய்யக்கூடிய காரியங்களல்ல. உங்கள் வீட்டு முதியவர் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எந்தத் துறைமுகம் வழியே வந்தார் என்று இன்றே கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். நம் கோயிலின் முதற் கொட்டகை யார் வேய்ந்தது, முதல் தேர் யார் இழுத்தது என்பதை அறிந்தவர் இருக்கும்போதே குறித்து வையுங்கள். ஆண்டுதோறும் வெளிவரும் இம்மலர் நம்முடைய பாறை. அதிலே பொறிப்பது நம் பொறுப்பு.

அடுத்த விடுமுறை நாளிலே பத்துப் பேராகச் சேர்ந்து லங்காதிலகவுக்குச் சென்று வாருங்கள். கடலாதெனியவில் தொடங்கி, லங்காதிலகவைக் கண்டு, மரச் சிற்பத் தூண்களுக்குப் பெயர்பெற்ற எம்பெக்க தேவாலயத்தில் முடித்தால் ஒரு நாளில் மூன்றும் காணலாம். கல்லிலும் செங்கல்லிலும் மரத்திலுமாகக் கம்பளைக் காலத்தவர் செய்த வேலையை ஒப்பிட்டு அறிவீர்கள். எம்பெக்கவிலே எழுந்தருளியிருப்பவர் நம் கதிர்காமக் கந்தனே. அடக்கமான உடையோடு செல்லுங்கள். வாயிலிலே காலணியைக் கழற்றுங்கள். புத்தர் திருவுருவத்துக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். சுவரிலே பெயர் கீறாதீர்கள். பெயர் எழுதும் உரிமை அங்கே கட்டியவர்களுக்கு மட்டுமே உண்டு. விகாரையில் உள்ள பிக்குமாரையும் ஊர் மக்களையும் கண்டால் அவர்கள் மொழியிலே வணங்கிப் பேசுங்கள். தமிழ்ச் சாசனத்தைக் காட்டும்படி பணிவோடு கேளுங்கள்.

அந்த எழுத்தைத் தடவிப் பார்க்கும் ஆசை எழும். கையை அடக்கிக்கொண்டு கண்ணாலே வாசியுங்கள். ஓர் எழுத்தாவது உங்களுக்குப் புரிந்தால், அந்த மலைக்கும் உங்களுக்கும் இடையே ஓர் உறவு பிறந்துவிடும். அதன்பின் ஆலங்கன்று ஒன்று அச்சுவரிலே முளைத்திருக்கக் கண்டால், "இது யாருடையது?" என்று கேட்க மாட்டீர்கள். விகாரையாரிடம் ஓடிச் சென்று சொல்வீர்கள். அந்த எண்ணம் நம் இளைஞரிடத்தில் வளருமானால் இக்கட்டுரையின் பயன் நிறைவேறியதாகும்.

வாழ்க நம் இளைஞர்! வளர்க நல்லறிவு!